எங்கள் கண்ணகி அம்மன் கோயிலில், அவள் கோபம் தணிக்கும் குளிர்த்திச் சடங்கு நடக்கத் துணைநின்ற எல்லாருக்கும்

அம்மன் துணை.

கதவு அடைத்தாயிற்று. பிரித்த பந்தலின் கம்புகள் இன்னும் முன்றிலில்தான் கிடக்கின்றன. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். அன்று பின்னேரம் காற்று மழையில் நடந்தது ஊருக்கே தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு பேரும் நலமாக வீடு வந்துவிட்டார்கள், அது போதும். மழை கேட்டுக் கதவு திறக்கிற கோயிலில் மழையே முந்திக்கொண்டு வந்து பந்தலைச் சரித்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று யாருக்கும் வரவில்லை.

முதலில் மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில் இருக்கும் படுவான்கரைச் சொந்தங்களுக்கு. நாங்கள் வாய்திறந்து கேட்கும் முன்பே கிடுகும் கம்பும் ஏற்றிய உழவு மெசின் மண்முனைப் பாலத்தால் வந்துவிட்டது. 2014இல் அந்தப் பாலம் திறப்பதற்கு முன்பென்றால் அத்தனையும் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏற்றி இறக்கி வாவி கடந்து வரவே விடிந்திருக்கும். கிடுகின் விலையைக் கேட்டால் ஏசுவீர்கள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. லைன் அறுந்ததும் ஜெனரேட்டர் கொண்டுவந்த தம்பிமார், தார்ப்பாய் கொடுத்துவிட்டுக் காசு வாங்காமல் போன காத்தான்குடி நானா, இரவிரவாகக் கம்பு நட்டவர்கள், அவர்களுக்குச் சோறும் பிளேன்ரீயும் குறைவில்லாமல் கொடுத்த மாமிமார் எல்லாருக்கும் ஒரே கும்பிடு. யாரையாவது விட்டிருந்தால் கோபிக்க வேண்டாம், நேரில் வந்து சொல்கிறேன்.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தது கோயிலுக்கு நேர் பின் ஒழுங்கையில் இருக்கும் தையல்கார அக்கா. பேர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையில் சேர்ச்சுக்குப் போகிறவர். அதை வைத்து நல்லிணக்கம் அது இது என்று பெரிதாக எழுதவேண்டாம் என்பதும் அவருடைய கட்டளைதான். சரி, எழுதவில்லை.

காற்று அடங்கிய பிறகு எல்லாரும் தகரத்தையும் கம்பையும் தூக்கிக்கொண்டிருந்தோம். பாட்டுக் கொப்பி சேற்றுக்குள் கிடந்ததை அவர்தான் கண்டார். கண்ணகி கதையைப் பாடும் வழக்குரைக்கு ஒன்றும் ஆகாது. அதைப் பண்டிதர் வி.சீ. கந்தையா 1968இலேயே பதிப்பித்துவிட்டார், எங்கேயாவது ஒரு பிரதி கிடைக்கும். எங்கள் கோயிலில் பூசை செய்யும் கட்டாடியார்மார் வாய்வழியாகப் பாடிவந்த குளிர்த்திப் பாட்டும் மழைப்பாட்டும் அப்படியில்லை. காலஞ்சென்ற பெரிய கட்டாடியார் ஊற்றுப்பேனையால் எழுதிவைத்த அந்த ஒரே கொப்பியில்தான் அவை இருந்தன. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரமெல்லாம் நீலம் பரவிக் கிடந்தது. வெயிலில் வைப்போம் என்று ஒருவர் சொன்னார், அந்த நேரத்தில் வெயில் எங்கே?

"தாங்க கா. என்ர துணியும் நனைஞ்சுதான் கிடக்கு, அது எப்பவாவது காயும். இது ஒட்டினபடி காஞ்சா மறுகா ஒரு எழுத்தும் வராது" என்று வாங்கிக்கொண்டு போனார். கல்யாண வீட்டுக்குத் தைத்து முடித்த சட்டைகள் ஈரத்தோடு அவர் வீட்டில் குவிந்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நள்ளிரவு தாண்டி எட்டிப் பார்த்தேன். கரண்ட் இல்லை. குப்பி விளக்கு வெளிச்சத்தில் ஒரு தென்னை ஈர்க்கை வைத்துத் தாள்களை ஒவ்வொன்றாகக் கிளப்பிக்கொண்டிருந்தார். ஒரு மூலை கிளம்பியதும் நிறுத்தி, ஊதி, மீண்டும் ஈர்க்கை உள்ளே விட்டார். இடையில் வைக்கப் பழைய பேப்பர் கொண்டுவரவா என்று கேட்டேன். அதன் அச்சு மை இதில் ஏறிவிடும் என்று மறுத்து, வெள்ளை லைனிங் துணியைத் துண்டு துண்டாக வெட்டித் தாளுக்குத் தாள் வைத்தார். பக்கத்தில் சிரட்டைக் கரி போட்ட பழைய அயன் பெட்டி. கன்னத்தருகே பிடித்துச் சூடு பார்த்துவிட்டு, துணியின் மேல் வைத்து எடுத்தார். இழுக்கவே இல்லை. இழுத்தால் எழுத்தும் கூடவே வருமாம். மகள் தூங்கித் தூங்கி விசிறிக்கொண்டிருந்தாள்.

விடிய அந்தத் தாள்களெல்லாம் அவர் வீட்டுக் கொடியில் துணிக் கிளிப் மாட்டித் தொங்கின. எழுத்து மங்கிய இடங்களில் ஒரு புள்ளிகூட அவர் வைக்கவில்லை. "எனக்குப் பாட்டுத் தெரியா தம்பி, பிழையா எழுதினா அதையே பாடிருவீங்க" என்றார். கோயில் காரியத்தில் இவ்வளவு நிதானம் எங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது!

குளிர்த்தி இரவு அந்தக் கொப்பியைத்தான் விரித்தோம். கரிவாசம் போகவில்லை. வேப்பிலையைக் கும்பத்து நீரில் தோய்த்துக் கட்டாடியார் வீசவீச, மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் கோபம் தணியவேண்டும், ஐப்பசி பிறந்ததும் மாரி பிந்தாமல் இறங்கவேண்டும், வேளாண்மை பால்பிடிக்கவேண்டும் என்று பாடிக்கொண்டு போனார்கள். இரண்டு இடத்தில் தாளில் எழுத்து இல்லை. பாட்டு நின்றது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழக்குரல் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தது, இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள், குரவை கேட்டது. இரண்டாவது இடத்திலும் அப்படியே. அக்கா வேலியடியில் மகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூலி என்று நீட்டியதை வாங்கவில்லை. கமுகம்பாளை ஒன்று கேட்டார், மகளுக்கு விளையாடவாம்.

அடுத்த வைகாசியில் கதவு திறப்பதற்குள் மூன்று பிரதி எழுதி முடிப்பதாக அம்மன் முன்னிலையில் சொல்லியிருக்கிறோம். ஒன்று கோயிலுக்கு, ஒன்று பள்ளிக்கூடத்துக்கு. மூன்றாவதைத் தையல்கார அக்காவின் அலுமாரியில் வைக்க அவர் இன்னும் சம்மதிக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருப்போம்.

அன்று அடி எடுத்துக்கொடுத்த ஆச்சிமாரே, இருட்டில் முகம் தெரியவில்லை. வருகிற வெள்ளி பின்னேரம் கோயில் முன்றிலுக்கு வாருங்கள். நடக்க முடியாவிட்டால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள், ஆட்டோவோடு வருகிறோம். கொப்பியும் பேனையும் எங்களிடம் இருக்கின்றன.