கன்வர்ட்டரைக் கழற்றுமுன் ஒரு வார்த்தை

அன்புள்ள ரவி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூட்டு வலி குறைந்து மறுபடி கார் ஓட்டத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் பாதிக் கவலை போனது. மீதிப் பாதியை உன் பையன் கொடுத்துவிட்டான். இன்ஜின் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயைப் போட்டால் வண்டி கம்பீரமாக உறுமும் என்கிறானாமே. வேண்டாம் என்று சொல். சட்டம், புகை என்று ஆரம்பித்தால் கேட்க மாட்டான். அவனுக்கு வேண்டியது சத்தம்தானே, அதையே முதலில் பேசுவோம்.

எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும், சிலிண்டருக்குள் அழுத்தத்தில் இருக்கும் புகை குழாய்க்குள் 'டப்' என்று பாய்கிறது. நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நொடிக்கு 100 டப். தனித்தனியாகக் கேட்காமல் அத்தனையும் சேர்ந்து உறுமலாகிறது. கன்வர்ட்டர் இந்த ஓட்டத்தின் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. தகர உறைக்குள் தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி. சாதாரணமாகச் சதுர அங்குலத்துக்கு 400 துளை. ஒவ்வொரு துளையும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதன் சுவர்களில்தான் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் பூசியிருக்கிறார்கள்.

இனிக் கவனி. அந்தச் சன்னத் துளைகளுக்குள் நுழையும் கீச்சொலியும் சீறலும் சுவரில் உராய்ந்தே பாதி செத்துவிடும். ஆனால் அடித்தொண்டை உறுமல் அப்படியில்லை. நொடிக்கு 100 துடிப்பு உள்ள ஒலிக்குச் சூடான புகையில் அலை நீளம் ஏறக்குறைய ஐந்து மீட்டர் வரும். ஒரு சாண் நீளக் கட்டி அதை என்ன செய்துவிட முடியும்? கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். அந்த உறுமலை அடக்குவது பின்னால் இருக்கும் சைலன்சரின் வேலை.

ஆக, கன்வர்ட்டரைக் கழற்றினால் கூடப்போவது கரகரப்புதான், கம்பீரம் இல்லை. தகரத்தைச் சிமெண்ட் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். ஒரே வேகத்தில் நீண்ட தூரம் போகும்போது உள்ளே ரீங்காரம் வேறு, பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். எரியாத பெட்ரோல் வாடை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளும் வரும். இதையெல்லாம் ஒரு நண்பரின் வண்டியில் அனுபவித்துவிட்டுத்தான் சொல்கிறேன். அப்புறம், கன்வர்ட்டருக்குப் பின்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார் காவல் இருக்கிறது. துப்புரவு நடக்கவில்லை என்று அது கண்டுபிடித்தால் செக் இன்ஜின் விளக்கு எரியும். ஸ்கேனரை மாட்டினால் பெரும்பாலும் பி0420 என்று, அதாவது கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்கிற பழுதுக் குறியீட்டைக் காட்டும். புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறாது. பையனுக்குக் குரல்தான் மாற வேண்டுமென்றால், சட்டம் அனுமதிக்கிற அளவுக்குள் பின் சைலன்சரை மாற்றிப் பார்க்கட்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வண்டி ஏன் அப்படி இரைகிறது என்று கேட்டிருந்தாயே, அதற்கும் இதே ஆள்தான் காரணம்! கன்வர்ட்டர் சுமார் 250, 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால்தான் வேலையே செய்யும். அதுவரை புகை அப்படியே வெளியே போகும். அதனால் வண்டியில் இருக்கும் கணினி இன்ஜினின் சுற்று வேகத்தைக் கூட்டி, ஸ்பார்க்கைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்து, வேண்டுமென்றே அதிகச் சூட்டைக் குழாய்க்குள் தள்ளுகிறது. சத்தத்தைக் குறைக்கிறது என்று நாம் நினைக்கும் சாமான், காலையில் சத்தத்துக்கே காரணம். எனக்கு இது ரொம்பப் பிடித்த வேடிக்கை.

சரி, என் கதைக்கு வருகிறேன். இரண்டு மாதமாக என் வண்டி ஐடிலில் நிற்கும்போது அடியில் 'கிர்ர்ர்' என்று ஒரு நடுக்கம். ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் மறைந்துவிடும், விட்டால் வந்துவிடும். ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினேன். குனிந்துகூடப் பார்க்காமல், "கன்வர்ட்டர் உள்ளே உடைந்துவிட்டது சார், முழுசாக மாற்றணும்" என்றார்கள். அதன் விலை உனக்குத் தெரியும், உள்ளே இருப்பது பிளாட்டினம் ஆயிற்றே. அதற்காகத்தானே திருடர்கள் அதை அறுத்துக்கொண்டு போகிறார்கள். பறிகொடுத்தவன் காலையில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் ஆகாய விமானம் மாதிரி அலறும். புகை சைலன்சருக்கே போய்ச் சேராது, நடுவழியிலேயே வெளியே கொட்டும்.

எனக்குச் சந்தேகம். உடைந்த பீங்கான், டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கிய மாதிரி கடகடக்கும். என் வண்டி கடகடக்கவில்லை, நடுங்கியது. மறுநாள் காலை இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது வண்டியைத் தூக்கி ஸ்டாண்ட் கொடுத்து, பாயை விரித்து அடியில் நுழைந்தேன். ரப்பர் சுத்தியலால் கன்வர்ட்டரை மெல்லத் தட்டினால் 'தொம்' என்று கெட்டியான சத்தம், உள்ளே எதுவும் உருளவில்லை. அதன்மேல் போர்த்தியிருந்த வெப்பத் தடுப்புத் தகட்டைத் தட்டினேன். அதே 'கிர்ர்ர்'! ஒரு போல்ட்டின் தலை துருப்பிடித்து உதிர்ந்து போயிருந்தது. பெரிய ஸ்டீல் கிளாம்ப் ஒன்றைச் சுற்றி இறுக்கினேன். கண்ணில் துரு விழுந்தது, முழங்கையில் சிராய்ப்பு, ஆனால் சத்தம் போயே போய்விட்டது. வீட்டில் என்னைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள், அது வேறு விஷயம்.

உன் வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாய். அதைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். கன்வர்ட்டர் அடைத்துக்கொண்டால் புகை வெளியேற முடியாமல் வண்டி திணறும், குரலும் கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி அமுங்கிப் போகும். ஏதாவது சிலிண்டர் சரியாக எரியாமல் இருந்தால், மிச்சப் பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து கட்டியையே உருக்கிவிடும். ஆகவே ஸ்பார்க் பிளக்குகளை முதலில் பார்க்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் எனக்குப் போன் பண்ணி, போனைப் பின்குழாய்ப் பக்கம் பையனிடம் பிடிக்கச் சொல். முதல் இரண்டு நிமிடம் நான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
மூர்த்தி