ட்ரம்ஸ் வாசித்தவர் பெயரையும் போடுங்கள்

பாட்டுச் செயலிகளை நடத்துபவர்களுக்கு,

வணக்கம். பிரேசில் பாடகி எல்சா சோரெஸ் 1968இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அட்டையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'பத்தெரிஸ்தா: வில்சன் தாஸ் நெவிஸ்' என்று இருக்கும். பத்தெரிஸ்தா என்றால் ட்ரம்ஸ் வாசிப்பவர். வாசித்தவர் பெயர் தலைப்பிலேயே ஏறியது அன்றைக்கே அபூர்வம். உங்கள் செயலியில் இன்று ஒரு பாட்டைத் தட்டினால் பாடியவர் பெயர் வருகிறது, எழுதியவர் பெயர் எப்போதாவது வருகிறது. வாசித்தவர் யார் என்று பல பாட்டுகளில் தெரிவதே இல்லை.

தாஸ் நெவிஸ் 1936இல் ரியோவில் பிறந்தவர். எலிஸ் ரெஜினா, சிக்கோ புவார்க்கி என்று பெரிய குரல்களுக்கெல்லாம் பின்னால் உட்கார்ந்து வாசித்தவர். பிரேசிலின் சாம்பா இசையில் இரண்டு தட்டில் இரண்டாவது தட்டுதான் கனமானது. தெருவில் அதைச் சுர்து என்ற பெரிய மேளம் சுமக்கும், தம்போரிம் என்ற கையடக்கத் தோல்வாத்தியம் அதன் மேல் இடறி இடறி ஓடும். ட்ரம்ஸ் செட்டில் உட்கார்ந்தால் இந்த இரண்டையும் ஒரே ஆள் காலாலும் கையாலும் பிரித்து வாசிக்க வேண்டும். அதை அலட்டாமல் செய்தார் மனிதர். கவனிக்காவிட்டால் அவர் அங்கே இருப்பதே தெரியாது. அதனால்தான் பெயர் வேண்டும் என்கிறேன்.

பாடகராக அவருடைய முதல் தொகுப்பு வந்தது 1996இல், 60 வயதில். லேசாகக் கரகரத்த, அவசரமில்லாத குரல். தாளக்காரர் பாடினால் சொல் எங்கே விழ வேண்டும் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை போலும். எதற்கெடுத்தாலும் 'ஓ சோர்ச்சி!' என்பார், 'என்ன அதிர்ஷ்டம்!' என்று பொருள். பல வருடம் யார் முதுகை மட்டுமே பார்த்து வாசித்தாரோ, அந்தச் சிக்கோவோடு 2011இல் சேர்ந்தும் பாடினார்.

2016 ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில், மரக்கானா அரங்கத்தில், 80 வயதுக்காரர் தீப்பெட்டியைத் தட்டித் தாளம் போட்டார். ரியோவின் மதுக்கடை மேசைகளில் அதுவும் ஒரு வாத்தியம்தான். எதிரே ஒரு சிறுவன் ஆடினான். மறு ஆண்டு ஆகஸ்டில் அவர் போய்ச் சேர்ந்தார்.

பாடகர் பெயருக்குக் கீழே ஒரு வரி கேட்கிறேன், அவ்வளவுதான். அந்த அட்டை ஓரடி அகலம், உங்கள் திரை சின்னதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளம்பரத்துக்கு அதில் இடம் இருக்கிறதே.

இப்படிக்கு,
மாதச் சந்தா கட்டும் ஒரு ரசிகன்