லெட்டியும் லாட்டியும்

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சாயங்காலம் பார்க் வரை நடந்துவிட்டு வருகிறார்.

புது வீட்டுக்குக் குடிபோன மறுநாளே பக்கத்து வீட்டு அம்மா கேக் செய்து கொண்டுவந்து கொடுத்தார் என்று போன வாரம் போனில் சொன்னாய் அல்லவா? போனை வைத்ததும் நேரே போய் அலமாரி மேல்தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தேன். எது என்று உனக்கே தெரிந்திருக்கும். அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு'. நான் கல்லூரியில் படிக்கும்போது மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய பிரதி. அட்டை கழன்று ரப்பர் பேண்டில் நிற்கிறது. பக்கத்தைத் திருப்பினால் தாளின் மூலை ஒடிந்து கையோடு வந்துவிடுகிறது. மெதுவாகத் திருப்பித் திருப்பி மூன்று ராத்திரியில் முடித்தேன்.

நடுவில் ஓரிடத்தில், கதையில் வரும் பேட்ரிக் என்ற இளைஞனின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் 'இவன்தான்!' என்று எழுதியிருக்கிறது. உன் கையெழுத்து. அப்போது உனக்கு 13 வயது. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் ஓடிவந்து, "சரியாம்மா?" என்று கேட்டாய். "படி, படி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். என் முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாய் என்று பயம்.

அதன் தொடக்கம் மாதிரி ஒன்றை நான் வேறெங்கும் படித்ததில்லை. சிப்பிங் கிளெக்ஹார்ன் என்ற கிராமத்துக்கு வெள்ளிக்கிழமை உள்ளூர்ப் பத்திரிகை வருகிறது. சிறு விளம்பரங்களுக்கு நடுவே ஓர் அறிவிப்பு: அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்கு லிட்டில் பேடக்ஸ் வீட்டில் ஒரு கொலை நடக்கும், நண்பர்கள் இதையே அழைப்பாகக் கொள்ளவும். ஏதோ விளையாட்டு என்று நினைத்து ஊரே ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே போய் நிற்கிறது. கடிகாரம் அடிக்கிறது, விளக்கு அணைகிறது, கதவு திறக்கிறது.

விடை தெரிந்த பிறகு துப்பறியும் கதையை யாராவது திரும்பப் படிப்பார்களா என்று அப்பா கேட்டார். விடை தெரிந்தால்தான் கிறிஸ்டி அம்மாள் கதையைக் கட்டியிருக்கும் விதமே கண்ணுக்குத் தெரிகிறது. வருகிறவர்கள் எல்லாம் உள்ளே நுழைந்ததும், "சென்ட்ரல் ஹீட்டிங் போட்டுவிட்டீர்களே" என்கிறார்கள். முதல் தடவை அது வெறும் ஊர்ப்பேச்சு. கணப்பில் நெருப்பு எரிந்தால் விளக்கு அணைந்தாலும் அறையில் வெளிச்சம் இருக்கும், அதனால்தான் அன்றைக்கு ஹீட்டிங் என்று இப்போது புரிகிறது. எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலம், அதனால் எல்லோரும் அதைச் சொல்வது இயல்பாக இருக்கிறது. இயல்பாக இருப்பதால் நாம் கவனிப்பதில்லை.

கேக்கும் அப்படித்தான். 1950-இல் வந்த நாவல் இது. போர் முடிந்து ஐந்து வருடம் ஆகியும் இங்கிலாந்தில் சர்க்கரையும் வெண்ணெயும் ரேஷனில்தான். வெண்ணெய்க்கு 1954 வரை ரேஷன் இருந்தது. ஊருக்குள் ஒருவர் வெண்ணெய் கொடுக்க, இன்னொருவர் தோட்டத்துக் காய் கொடுக்க, பின்கதவு வழியாகப் பண்டமாற்று நடக்கிறது. பாமாயிலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த நாளில், லிட்டில் பேடக்ஸில் தங்கியிருக்கும் டோரா பன்னரின் பிறந்தநாளுக்காக அமெரிக்காவிலிருந்து வந்த வெண்ணெய் டின்னைத் திறந்து, கிறிஸ்துமஸுக்கு வைத்திருந்த திராட்சையை எடுத்து, அந்த சாக்லேட் கேக்கைச் செய்யச் சொல்கிறாள் வீட்டுக்காரி. இந்தக் கேக்கை முதன்முதலில் யார் வீட்டில் சாப்பிட்டாரோ அந்த நண்பர்களுக்கே கிறிஸ்டி புத்தகத்தைக் காணிக்கை ஆக்கியிருக்கிறார்.

இந்தத் தடவை நான் டோராவைத்தான் படித்தேன் பாப்பு. பன்னி என்று கூப்பிடுவார்களே, எதையாவது மாற்றி மாற்றி உளறிக்கொண்டிருப்பாளே, அவளை. முன்பெல்லாம் அவள் பேச்சு வந்தால் வேகமாகத் தாண்டிவிடுவேன். டீக்கடையில், துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிளிடம் தன் கதையைச் சொல்லும் இடம் நினைவிருக்கிறதா? வயதான காலத்தில் கையில் காசில்லாமல், ரொட்டியும் மார்ஜரினுமாக வயிற்றைக் கழுவிக்கொண்டு ஒற்றை ஆளாகக் கிடந்திருக்கிறாள். சாப்பாடு இல்லாவிட்டாலும் மேஜையில் பூ இருந்தால் போதும் என்று சொல்கிறவர்கள் எத்தனை வேளை பட்டினி கிடந்திருப்பார்கள் என்று கேட்கிறாள். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பால்கனியில் போய் உட்கார்ந்திருந்தேன். உதவி கேட்டு எழுதிய அவளை, பள்ளித் தோழியான அந்த வீட்டுக்காரி தன்னோடு அழைத்து வைத்துக்கொள்கிறாள். அந்த நன்றியில் பன்னி வாய் ஓயாமல் அவளைப் பற்றியே பேசுகிறாள். ஒரு சமயம் லெட்டி என்கிறாள், ஒரு சமயம் லாட்டி என்கிறாள்.

முதல் தடவை படிக்கும்போது நான் அதை அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பழைய புத்தகம், மட்டமான தாள், பிழை இருக்காதா என்று தாண்டிப் போய்விட்டேன். லெட்டி என்கிற லெட்டிஷியா செத்துப்போனவள். அவள் பெயரில் வர இருந்த பெரிய சொத்துக்காக அவளாகவே வாழ்கிற தங்கைதான் இந்த வீட்டுக்காரி, லாட்டி என்கிற சார்லட். கழுத்துக் கழலையை ஆபரேஷன் செய்த தழும்பு முத்துமாலைக்குப் பின்னால் இருக்கிறது. அவ்வளவும் ஒரே ஓர் எழுத்துக்குள். நம் கண் முன்னாலேயே, அச்சில், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை.

அவளை அவளுடைய சொந்தப் பெயரால் கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் பன்னி. அதனாலேயே அவள் சாகவேண்டியிருக்கிறது. அருமையாகப் பிறந்தநாள் கொண்டாடி, கேக் ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே ஆஸ்பிரின் பாட்டிலில் விஷ மாத்திரை. பிறகு அந்தக் கொலைகாரி அழுகிறாளே, அது நடிப்பு இல்லை. கடைசியில் அவளை உடைப்பதும் போலீஸ் இல்லை, இருட்டிலிருந்து மிஸ் மார்ப்பிள் பன்னியின் குரலில் "லாட்டி, லாட்டி" என்று கூப்பிடுவதுதான்.

என்னைக் குஞ்சு என்று கூப்பிட்டவள் உன் பெரியம்மா ஒருத்திதான். அவள் போனதிலிருந்து இந்த வீட்டில் நான் அம்மா, பாட்டி, "ஏம்மா, இங்கே வா", அவ்வளவுதான். இத்தனை மாதத்தில் நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது ராத்திரி அந்தக் குரல் வரும் இடத்தைப் படித்தபோது அழுகை வந்துவிட்டது. அப்பா எழுந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஒன்று மட்டும் இந்தத் தடவை உறுத்தியது. சமையல் செய்யும் மிட்சியைப் புத்தகம் நடத்துகிற விதம். போரில் குடும்பத்தைப் பறிகொடுத்து அகதியாக வந்தவள். அவள் பயத்தை எல்லோரும் கேலி செய்கிறார்கள், பொய்க்காரி என்கிறார்கள். எழுதியவரும் அவர்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரிக்கிறார். கடைசியில் கொலைகாரியைப் பிடிக்க, உயிரைப் பணயம் வைத்துத் தூண்டில் இரையாக நிற்பவளும் அவள்தான். அவளுக்கு இன்னும் மரியாதை கொடுத்திருக்கலாம்.

முன்பெல்லாம் ஓர் ஊரில் யார் யார் என்று எல்லோருக்கும் தெரியும், இப்போது வருகிறவர்கள் தங்களைப் பற்றி என்ன சொல்கிறார்களோ அதுதான் தெரியும் என்று மிஸ் மார்ப்பிள் ஓரிடத்தில் வருத்தப்படுவார். அதைப் படித்தபோது உன் நினைவு வந்தது. நீ போயிருக்கும் ஊரில் நீ சொல்வதுதான் நீ. ஆபீஸில் உன் பெயரைப் பாதியாக வெட்டிக் கூப்பிடுகிறார்கள் என்றாய். உனக்கு அது சரி என்றால் சரி. வாரம் ஒரு தடவை போன் செய்கிறாயே, அதை இரண்டாக்கு. பாப்பு என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

புத்தகத்தை இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். யாழினிக்கு அடுத்த மாதம் 13 ஆகிறது. அவள் படித்து முடிக்கும்வரை இந்தக் கடிதம் அவள் கண்ணில் படக்கூடாது, உன் புடவைகளுக்கு அடியில் வை. உன் 'இவன்தான்!' அப்படியே இருக்கிறது, அழிக்கவில்லை. அவளும் கொஞ்ச தூரம் பேட்ரிக் பின்னால் போகட்டும். உள்ளே ஒரு பென்சிலும் வைத்திருக்கிறேன். எந்தப் பக்கத்தில் யார் பெயருக்கு நேரே எழுதினாள் என்று எனக்கு மட்டும் சொல்.

கேக் கொடுத்த அம்மாவின் தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்காதே. நாலு ரவா லட்டு பிடித்து வைத்துக் கொடு. முந்திரி சேர்ப்பதற்கு முன்னால் அவர் சாப்பிடுவாரா என்று கேட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா