கடல் பார்க்காத பிள்ளைகளுக்குக் கடல் நட்சத்திரம்

காட்பாடி

அன்பு மகளுக்கு,

ஆலங்காயத்தில் உன் யு.கே.ஜி. பிள்ளைகளுக்குக் கடல் பாடம் ஆரம்பிக்கப் போகிறாய், முதலில் கடல் நட்சத்திரம்தான் என்று சொன்னாய். போனில் சொன்னால் அளவெல்லாம் மாறிப்போகும். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

அட்டையில் நட்சத்திரம் வெட்டி, ஆரஞ்சு வண்ணம் அடித்து, மேலே சிரிக்கிற முகம் வரைந்து முடித்துவிடாதே. அந்த முகமே தப்பு. அதன் வாய் அடிப்பக்கம் இருக்கிறது. கண்கள் கைகளின் நுனியில் இருக்கின்றன. இந்தப் பாடத்துக்கு வடிவத்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம். கடல் நட்சத்திரத்துக்கு ரத்தம் கிடையாது. நடப்பதும் மூச்சு விடுவதும் கடல் தண்ணீரை வைத்துத்தான். தண்ணீரைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துக் காட்டலாம், கடற்கரை வேண்டியதில்லை. ஒரே நாளில் திணிக்காமல் நாளுக்கு ஒன்றாக, பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்.

முதல் நாள் கடல் தண்ணீர் செய். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு 35 கிராம் தூள் உப்பு, அதாவது தலைதட்டி இரண்டு மேசைக்கரண்டி. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கட்டும், குடிக்க விடாதே. இதில் முட்டை மிதக்கும் என்று நினைத்து முட்டையைப் போட்டுவிடாதே. இந்த உப்புக்கு நல்ல முட்டை மூழ்கிவிடும். மிதக்க இதைப்போல் மூன்று நான்கு மடங்கு உப்பு வேண்டும், அப்புறம் அது கடல் தண்ணீரே இல்லை. அதற்குப் பதிலாக முந்தின நாள் இரவே நல்ல தண்ணீரில் பத்து உலர்திராட்சை ஊறப்போட்டு எடுத்துப் போ. காய்ந்ததையும் ஊறியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், தோல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். கடல் நட்சத்திரத்தை நல்ல தண்ணீரில் விட்டாலும் அப்படித்தான் தண்ணீர் உடம்புக்குள் புகும், அதை வெளியேற்ற அதற்கு வழியில்லை, செத்துப்போகும். ஏறத்தாழ 1,900 வகைக் கடல் நட்சத்திரங்கள் இருக்கின்றன. ஒன்றுகூட ஆற்றிலோ ஏரியிலோ வாழ்வதில்லை. பாலாற்றில் இருக்குமா, அமிர்தி ஓடையில் இருக்குமா என்று கட்டாயம் கேட்பார்கள். பதில் இதுதான்.

அடுத்த நாள் கால்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, நேரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ஊசி இல்லாத புதுச் சிரிஞ்சு இரண்டு வேண்டும், ஒன்று 10 மில்லி, ஒன்று 2 மில்லி. மீன் தொட்டிக்குக் காற்று விடுகிற மெல்லிய டியூப் ஒரு அடி. எல்லாவற்றையும் பேசினில் தண்ணீருக்குள் முக்கியே பொருத்த வேண்டும். சின்னதன் தண்டை முழுக்க உள்ளே தள்ளி வை, பெரியதில் 2 மில்லி தண்ணீர் மட்டும் இழு, நடுவில் டியூப்பை மாட்டு. பெரியதை மெதுவாக அழுத்தினால் சின்னதன் தண்டு நீண்டு வெளியே வரும், பின்னால் இழுத்தால் உள்ளே போகும். பெரியதை நிரப்பிவிட்டு அழுத்தினால் சின்னதன் தண்டு தெறித்து முகத்தில் தண்ணீர் அடிக்கும். டியூப்பில் காற்றுக்குமிழ் மாட்டினால் தண்டு சோம்பலாக நகரும், ஏனென்றால் காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. குமிழ் தெரிந்தால் கழற்றித் தண்ணீருக்குள் வைத்தே மறுபடி மாட்டு.

கடல் நட்சத்திரத்தின் கைக்கு அடியில் நூற்றுக்கணக்கான மெல்லிய குழல்கால்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு காலுக்கும் உள்ளே ஒரு சிறு பை. பை சுருங்கினால் தண்ணீர் தள்ளப்பட்டுக் கால் நீளும். முதுகில் சல்லடை போன்ற ஒரு சிறு தட்டு இருக்கிறது, இந்தக் குழாய்கள் அதன் வழியாகக் கடலோடு சேர்ந்திருக்கின்றன. இந்தக் கால்கள் உறிஞ்சிப் பிடிக்கின்றன என்றுதான் பழைய பாடநூல்களில் இருக்கும். முக்கியமான வேலையைச் செய்வது பசை: ஒட்டுவதற்கு ஒரு சுரப்பு, விடுவிக்க இன்னொன்று. பிள்ளைகளிடம் 'ஒட்டி நடக்கும்' என்றே சொல்.

மூன்றாம் நாள் சாப்பாடு. ஒரு சின்னத் துணிப்பையும் பிஸ்கட்டும் போதும். பையை உள்பக்கம் வெளியே வரும்படி கையில் மாட்டிக்கொண்டு பிஸ்கட்டைப் பிடி, அப்படியே பையைத் திருப்பு. பிஸ்கட் உள்ளே போய்விடும். பல கடல் நட்சத்திரங்கள் மட்டியின் ஓட்டைக் கால்களால் இழுத்துச் சிறு இடுக்கு உண்டாக்கி, வயிற்றையே அதற்குள் விட்டு, அங்கேயே செரிக்க வைத்து, பிறகு வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். எல்லாம் இப்படி என்று மட்டும் சொல்லிவிடாதே. நாளை ஒரு பிள்ளை மெரினாவுக்குப் போய் அங்கே ஒன்றைப் பார்த்தால், அது பெரும்பாலும் மணலில் புதைந்து வாழும் ஆஸ்ட்ரோபெக்டன் வகையாக இருக்கும். அதன் கால் நுனி கூராக இருக்கும், மணல் தோண்டுவதற்கு வசதி. சின்ன நத்தை, சிப்பிகளை அது முழுசாகவே விழுங்கும்.

கடைசியாகச் செய்து பார்க்கும் வேலை. மைதா இரண்டு கப், தூள் உப்பு ஒரு கப், தண்ணீர் முக்கால் கப்பில் ஆரம்பித்துச் சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசை. பத்துப் பிள்ளைகளுக்கு வரும். இருபது பேருக்கு இரட்டிப்பாக்கு. கல்லுப்பு வேண்டாம், கரையாமல் நின்று மாவைப் பிளக்கும். கையில் சிராய்ப்பு இருக்கிற பிள்ளைக்கு எரியும், முதலிலேயே பார்த்துவிடு. கைகளைத் தனித்தனியாக உருட்டி ஒட்டினால் காய்ந்ததும் ஒட்டிய இடத்திலேயே உதிரும். உருண்டையைத் தட்டி, நடுவட்டத்திலிருந்தே ஐந்து கைகளை இழுத்து எடுக்கச் சொல். வாசலில் போடும் நட்சத்திரக் கோலத்துக்கு ஆறு முனை, அதனால் பாதிப் பேர் ஆறுதான் இழுப்பார்கள். விரல்களை விரித்துப் பக்கத்தில் வைத்து எண்ணச் சொல். பத்துக்கும் மேல் கை உள்ள வகைகளும் உண்டு, ஆனால் முதலில் ஐந்து பழகட்டும். கனம் அரை அங்குலத்துக்குள் இருக்கட்டும். திருப்பிப் போட்டு, நடுவில் வாய்க்கு ஒரு குழி, ஒவ்வொரு கையிலும் ஈர்க்குச்சியால் நீளமாக ஒரு பள்ளம், அங்கேதான் குழல்கால்கள். மேல்பக்கம் நடுவைவிட்டுச் சற்றுத் தள்ளிச் சல்லடைத் தட்டுக்கு ஒரு புள்ளி, கை நுனிகளில் கண்ணுக்குக் குங்குமப் பொட்டு. சொரசொரப்புக்கு ரவை தூவு. மணி, பாசி, பருப்பு எதுவும் வேண்டாம், மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள்.

நம் ஊர் வெயிலில் நேராக வைத்தால் மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் நின்று வெடிக்கும். முறத்தில் ஒரு நாள் நிழலில் காயவிட்டுத் திருப்பிப் போட்டு, பிறகு இரண்டு நாள் வெயில். மழைக்காலத்தில் உப்பு ஈரத்தை இழுத்து மாவு நசநசத்துவிடும். காட்டி முடித்ததும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடு.

உயிருள்ள கடல் நட்சத்திரத்தைக் கையில் தூக்கிப் பிடிக்கிற வீடியோக்களைக் காட்டாதே. மீனுக்குச் செவுள் இருக்கிறது. மார்க்கெட்டில் ஒரு சங்கராவை வாங்கி மூடியைத் தூக்கிச் சிவப்பாகக் காட்டலாம். கடல் நட்சத்திரத்துக்குச் செவுளும் இல்லை, செதிலும் இல்லை, முதுகெலும்பும் இல்லை. முதுகில் இருக்கும் நுண்ணிய மென்தோல் மொட்டுகளும் அந்தக் குழல்கால்களுமே மூச்சு வாங்குகின்றன; தண்ணீரைவிட்டு எடுத்தால் அவை துவண்டுவிடும். காய்ந்ததைக் கடையில் வாங்கிக் காட்டலாமே என்று யாராவது சொன்னால் மறுத்துவிடு. விற்பதற்காகவே பிடித்துக் காயவைத்த உயிர் அது. இதற்கு உறவான கடல் அட்டையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

'கையை வெட்டினால் முளைக்குமா மிஸ்?' என்று ஒருவன் கேட்பான். நடுவட்டம் நன்றாக இருந்தால் போன கை மெல்ல மெல்ல, பல மாதங்களில் வளரும். வெட்டுப்பட்ட கை தனியாக முழு உடலாவது லிங்கியா போன்ற சில வகைகளில் மட்டும். மற்றவற்றில் அந்தக் கை செத்துவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்.

பாலாற்றையும் ஒரு நாள் சேர்த்துக்கொள். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று வந்து வயலூர் பக்கம் கடலில் சேர்கிற ஆறு. 2021 நவம்பரில் வெள்ளமாக ஓடியபோது எடுத்த படம் வீட்டுப் பெரியவர்கள் போனில் இருக்கும், கேட்டு வாங்கிக்கொண்டு வரச் சொல். தெருவில் போடும் பால் கவர் அந்தத் தண்ணீரோடு எங்கே போகும் என்று மண்ணில் கோடு போட்டு அவர்களே காட்டட்டும்.

ஆற்காடு ரோட்டு மெடிக்கலில் சிரிஞ்சு நான்கு ஜோடி வாங்கிவிட்டேன். டியூப்போடு சேர்த்துச் சனிக்கிழமை சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். மைதா அங்கேயே வாங்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா