துண்டு போட்டுப் பிடிக்கும் மேசைகள்

ஐயா,

ஏற்காடு கோடை விழாவின்போது உணவகங்களில் இடமின்றிப் பயணிகள் அவதிப்படுவது குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். கூட்டம் மட்டுமே இதற்குக் காரணமன்று. பேருந்து இருக்கையில் துண்டு போடுவதைப் போல, சுயசேவை உணவகங்களில் டோக்கன் வாங்கும் முன்னரே கைப்பையை வைத்து மேசையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் காரணமாகும். அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு நாங்கள் சென்ற ஓர் உணவகத்தில், தோசைத் தட்டை ஏந்தியபடி வயதான என் தாயார் நின்றிருக்க, நான்கு பேர் அமரக்கூடிய மேசையை ஒரு தண்ணீர் பாட்டில் கால் மணி நேரம் காவல் காத்தது.

கைக்குழந்தையுடன் வருவோர் முன்கூட்டியே அமர்வதில் எனக்கு மறுப்பில்லை. மற்றபடி, உணவைப் பெற்றுக்கொண்டவர்களுக்கே மேசை என்னும் அறிவிப்பை டோக்கன் தரும் இடத்திலேயே எழுதி வைக்கவும், நின்றபடி உண்ண உயரமான மேசைகள் சிலவற்றைப் போடவும் உணவக உரிமையாளர்கள் முன்வர வேண்டும்.

– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்