அருங்காட்சியகத்தாரே, அந்த ஆஸ்ட்ரோலேப்பைக் கொஞ்சம் கழற்றிக் காட்டுங்கள்

பழைய வானியல் கருவிகளை வைத்திருக்கும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பித்தளைத் தகட்டை வெட்டி, ராவி, உளியால் கோடிழுத்து, நட்சத்திர உயரத்தை அளந்து நேரம் பார்க்க உதவும் பழைய கருவியான ஆஸ்ட்ரோலேப்பைச் செய்து பார்க்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். எங்களில் நகை வேலை தெரிந்தவர்கள் உண்டு, கணக்கு வாத்தியார்கள் உண்டு, இரண்டும் தெரியாமல் ஆசையில் இறங்கியவர்களும் உண்டு. உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: உங்களிடம் இருக்கும் கருவிகளைக் கழற்றி, உள்ளே இருப்பதை அளவோடு பொதுவில் வையுங்கள்.

இப்போது கிடைப்பது பெரும்பாலும் முன்பக்கப் படம். நல்ல வெளிச்சத்தில், நட்சத்திர வலை (நட்சத்திரங்களின் இடத்தைக் கூர்முனைகளால் காட்டும் மேல்தகடு) தெரிய, அம்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்கிறவனுக்கு வேண்டியது அந்த வலைக்குக் கீழே இருக்கிறது. தாய்த் தட்டு எனும் குழிந்த அடித்தட்டுக்குள் அடுக்கிய தகடுகள், பக்கத்துக்கு ஒரு அட்சரேகையாக இரண்டு பக்கமும் வேலை செய்தவை. அவற்றின் விளிம்பு, தடிமன், நடுத்துளை, கவராயத்தின் கால் குத்திய புள்ளிகள். ஒரு இடத்துக்கு எழுதித் தகட்டின் தடிமன் என்னவென்று கேட்டேன். வெகுநாள் கழித்து அதே முன்பக்கப் படம் வந்தது, இன்னும் கொஞ்சம் பெரிதாக!

வடிவியல்தான் தெரியுமே, கணக்குப் போட்டு வரைந்துகொள்ளலாமே என்பீர்கள். சரி, தெரியும். தென் துருவத்திலிருந்து பார்ப்பதாக வைத்து வானக் கோளத்தை நடுக்கோட்டுத் தளத்தில் வீழ்த்தினால் அதன் மேலுள்ள வட்டங்கள் வட்டமாகவே (எப்போதாவது நேர்கோடாக) விழும், அதனால் கவராயமும் நேர்கோலும் போதும். தகட்டின் வெளி விளிம்பாக வரும் மகர வட்டத்தின் ஆரம் 100 மி.மீ. என்றால் நடுக்கோட்டு வட்டம் 65.6, கடக வட்டம் 43.1. இது யார் போட்டாலும் வரும். சிக்கல் ஆரம்பிப்பது பட்டறையில். அதே தகட்டில் 10 பாகை அட்சரேகைக்கு அடிவானத்தை வரைய வேண்டுமென்றால் வில்லின் ஆரம் 378 மி.மீ., அதன் மையம் தகட்டின் நடுவிலிருந்து 372 மி.மீ. தள்ளி, தகட்டுக்கு வெளியே எங்கேயோ நிற்கிறது. அந்தக் காலத்து ஆள் தகட்டைப் பலகையில் பதித்து நீளக் கவராயம் போட்டாரா, ஏற்கனவே செய்த தகட்டிலிருந்து படி எடுத்தாரா, புள்ளி வைத்துக் கையால் இணைத்தாரா? ஒவ்வொன்றுக்கும் தடம் வேறு, பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்தால் அது தெரிய வாய்ப்பிருக்கிறது. நேர் வெளிச்சத்தில் எடுத்த பளபளப்பான படத்தில் தெரியாது.

பாகை பிரிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதில்தான் பைத்தியம், பொறுத்துக்கொள்ளவும். கவராயமும் நேர்கோலும் வைத்து 3 பாகை வரை சுத்தமாக வந்துவிடலாம்: ஐங்கோணத்தின் 72இலிருந்து அறுகோணத்தின் 60ஐக் கழித்தால் 12, அதைப் பாதியாக்க 6, மறுபடி பாதியாக்க 3. அந்த 3ஐ மூன்றாக்க அந்த வழியில் முடியவே முடியாது, கணிதத்தில் நிறுவப்பட்ட விஷயம். அப்படியானால் விளிம்பில் 360 கோடு போட்டவர் கடைசிப் படியில் டிவைடரைக் கொஞ்சம் விரித்து, கொஞ்சம் சுருக்கி, கண்ணால்தான் பிரித்திருக்க வேண்டும். மூன்றுக்கு ஒன்றாக வரும் கோடுகள் எல்லாம் ஒழுங்காக அமைந்து, இடையில் இருக்கும் இரண்டு மட்டும் தள்ளாடினால் இந்த வழிதான் என்று ஓரளவு சொல்லலாம். அந்தப் பிசகு எங்களுக்குப் பாடம். உங்கள் விவரக் குறிப்பிலோ ‘மிகத் துல்லியமாகச் செதுக்கப்பட்டது’ என்று ஒரே வரி.

பழைய கிரேக்கர்களின் பல்சக்கர வானியல் கருவியான அன்டிகிதெரா கருவியைப் பாருங்கள். 1901இல் கடலடியிலிருந்து துண்டு துண்டாக வந்த வெண்கலம். 2005இல் எக்ஸ் கதிரால் அடுக்கடுக்காகப் படம் எடுத்த பிறகுதான் கிரகணச் சுழற்சிக்கான சக்கரத்தில் 223 பல் என்பது உறுதியானது. 223 பகா எண், எந்த ஐங்கோணமும் அறுகோணமும் அங்கே உதவாது. அப்படியும் ஒரு கை அதை அரத்தால் வெட்டி முடித்திருக்கிறது. உள்ளே பார்க்காமல் இதைப் பேசியிருக்கவே முடியாது.

லாகூரில் 17ஆம் நூற்றாண்டில் அல்லாதாத் குடும்பத்தார் செய்த வானக் கோளங்களும் இப்படித்தான். மெழுகு வார்ப்பில் ஒட்டே இல்லாத உள்ளீடற்ற கோளம். வார்க்கும்போது உள்ளே வைத்த மண்ணை வெளியே எடுத்த துளைகளைப் பித்தளையாலேயே அடைத்து ராவிவிட்டார்கள். அந்த அடைப்புகள் எத்தனை, எங்கே என்று தெரிந்தால் வார்ப்பு நின்ற விதமே பிடிபடும். வெளியாகும் படங்களில் பெரும்பாலும் நட்சத்திர உருவங்கள்தான்.

தடிமன் தடிமன் என்று அரற்றுவதற்கும் காரணம் உண்டு. சுத்தியலால் அடித்துத் தட்டிய தகடு இடத்துக்கு இடம் மாறும். அடிக்க அடிக்கப் பித்தளை விறைக்கும், நெருப்பில் காட்டினால் இளகும், மறுபடி அடி. இன்று ஆலையிலிருந்து வரும் தகடு ஒரே சீர். கருவி வளையத்தில் தொங்கும்போது தூக்குக்குண்டு போல நேராக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பார்வைக்கோல் காட்டும் உயரம் பிசகும். பழைய ஆள் எடையை எங்கே குறைத்துச் சமன்செய்தார் என்று சீரான தகட்டை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்புறம் நட்சத்திர முனைகள். வானம் 72 வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்கிறது, ஆகவே 1650ஆம் ஆண்டு வலையை அப்படியே படியெடுத்தால் இன்றைக்கு 5 பாகை தவறு, நேரத்தில் சுமார் 20 நிமிடம். அப்படியே வைப்பதா, திருத்துவதா என்பது எங்கள் தலைவலி. ஆனால் முனைகளின் அளவு சரியாகத் தெரிந்தால்தானே இரண்டில் எதையும் செய்ய முடியும்.

நீங்கள் சொல்லும் தடைகள் தெரியும். கழற்றினால் சேதமாகும் என்கிறீர்கள்: நியாயம், நடு ஆணியைப் பிடித்திருக்கும் ஆப்பை அடித்துக் கழற்றச் சொல்லவில்லை, பராமரிப்புக்கு என்றாவது திறப்பீர்கள் அல்லவா, அன்றைக்கு ஒரு கேமராவும் அளவுகோலும் பக்கத்தில் இருக்கட்டும். போலி செய்து விற்பார்கள் என்ற பயத்தை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. போலிக்காரனுக்கு முன்பக்கப் படமே தாராளம். வாங்குகிறவன் உள்தகட்டைப் பார்ப்பதில்லை என்று அவனுக்குத் தெரியும். நிஜமானவற்றின் உள் அளவுகள் பொதுவில் இருந்தால் மாட்டப்போவது அவன்தான்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்கவில்லை. சேமிப்பறையில் வலை தொலைந்து, காட்சிக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிய ஒன்று கிடக்கும், அதில் ஆரம்பியுங்கள். இரண்டு பக்கமும் நேராக ஒரு படம், சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு படம், ஓரத்தில் அளவுகோல். தடிமனை நடுவில் ஒன்று, விளிம்பில் நான்கு திசையிலும் அளந்து எழுதுங்கள். ஐந்து எண்ணும் வேறு வேறாக வந்தால் தயவுசெய்து சராசரி எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து ஒருவன்