குளிசை அட்டையைக் கொடுக்கிறோம், விளக்கத்தைக் கொடுப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலையில் பாலியல் கல்வி கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று போன ஞாயிறு ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பாமசியில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். இங்கே நான் பார்ப்பதை அவருக்குச் சொல்ல வேண்டும்.

போன மாதம் ஒரு தங்கச்சி ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். கடையில் ஆண்கள் நின்றதால் வாய் திறக்கவில்லை. கர்ப்பம் பார்க்கிற ஸ்ட்ரிப் வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதி நீட்டினார். "குளிசை ஏதும் போடுறீங்களோ?" என்று மெதுவாகக் கேட்டேன். கைப்பையிலிருந்து மிதுரி என்ற கருத்தடைக் குளிசை அட்டையை எடுத்துக் காட்டினார். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆறேழு குளிசைதான் எடுபட்டிருந்தது. கணவருக்குக் கொழும்பில் கட்டட வேலை, இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவாராம். "அவர் வாற நாளில மட்டும் போடுறனான் அக்கா" என்றார். ஏ.எல். வரை படித்த பிள்ளை.

அந்தக் குளிசையின் முக்கிய வேலை சூல் முட்டை வெளிவராமல் தடுப்பது. அதற்கு நாள் தவறாமல் போட வேண்டும். ஒழுங்காகப் போட்டால் வருடத்தில் 100 பெண்களில் ஒருவருக்குக்கூடக் கர்ப்பம் தங்குவது அரிது. மறதியும் இடைவெளியுமாக ஆட்கள் உண்மையில் போடுகிறபடி பார்த்தால் 7 பேர் வரை என்பது பொதுவான கணக்கு. ஆணுறைக்கு அதே கணக்கு, ஒழுங்காகப் பாவித்தால் 2 பேர், உண்மையில் பாவிக்கிறபடி 13 பேர். கருப்பைக்குள் வைக்கிற லூப்புக்கும் மேல்கைத் தோலுக்கு அடியில் வைக்கிற ஜடெல்லுக்கும் ஒன்றுக்கும் குறைவு, அவற்றில் நாங்கள் மறப்பதற்கு ஒன்றும் இல்லை. இவ்வளவையும் அந்தத் தங்கச்சிக்கு முதன்முதலாகச் சொன்னது நான்தான்.

எனக்கும் ஒருவரும் சொல்லவில்லை. 2008இல் புலிகள் இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் 19 வயதில் அவசரமாகக் கட்டிவைத்தார்கள். மூத்தவன் 2009இல், போரால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் பிறந்தான். பால் கொடுக்கும்வரை தங்காது என்று பக்கத்துக் கூடாரத்து அம்மம்மா சொன்னார், நம்பினேன். அவர் சொன்னது முழுப் பிழையும் இல்லை. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் வராமல் இருந்தால் அது நல்ல பாதுகாப்புத்தான். நான் எட்டாம் மாதம் கஞ்சியும் கொடுத்துக்கொண்டு அதையே நம்பியிருந்தேன். மூத்தவனுக்கு ஒன்றரை வயது ஆக முதல், தறப்பாள் கொட்டிலில் இருக்கும்போது மகள் பிறந்தாள். அவள் என் செல்வம். ஆனால் அப்போது என் உடம்பில் பெலன் இருக்கவில்லை.

சரியாக விளங்கப்படுத்தாமல் ஜடெல் வைத்தார்கள் என்று 2013இல் கிளிநொச்சிக் கரையோரப் பெண்கள் முறையிட்டதை எங்கள் பக்கம் மறக்கவில்லை. ஜடெல் நல்ல முறை. ஆனாலும் இன்றைக்கும் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள்.

அப்புறம் போஸ்டினோர், உறவுக்குப் பிறகு போடுகிற அவசர கருத்தடைக் குளிசை. ஒரே மாதத்தில் மூன்றாம் தரம் வாங்க வந்த தம்பி ஒருவர் அதைத்தான் வழமையான முறை என்று நினைத்திருந்தார். அது அவசரத்துக்கு மட்டும். 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. தவறிக் கர்ப்பம் தங்கிவிட்டால், பிறகு அதைக் கலைக்க இந்த நாட்டில் அநேகமாகச் சட்டப்படி வழி இல்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. கள்ளமாகக் குளிசை தேடி எங்களிடம் அழுதுகொண்டு வருகிற பெண்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த முகங்கள் இரவில் நித்திரை கொள்ள விடுவதில்லை.

என் மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். இனப்பெருக்கப் பாடம் வந்தபோது "வீட்டில் வாசியுங்கோ" என்று ஆசிரியர் பக்கத்தைத் திருப்பிவிட்டாராம். அந்தப் பாடத்தை வகுப்பில் நடத்துங்கள். கூச்சமாக இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரைக் கூப்பிடுங்கள். பெடியன்களையும் அதே அறையில் இருத்துங்கள்.

இப்படிக்கு,
பாமசி உதவியாளர் ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்